முந்நூறுக்கு ஒன்று

தேவாலாவில் மழை நின்ற மூன்றாம் நாள்
அட்டைக்கு மூக்குப்பொடி தடவிக்கொண்டு மேலேறினோம்
நானும் செயின்மேன் டெல்பினும்.
மனு எண் நாற்பத்தொன்று.
மூடிப்போன எஸ்டேட்டின் கடைசி லயத்தில்
பதினோரு வீடுகள் கேட்கின்றன:
இந்தத் தண்ணீர் யாருடையது,
எழுதித் தரவும்.

படிவத்தில் ஏழாவது கலம்:
ஓடையா, வெட்டியதா?
ஓடை என்றால் வனத்துறைக்கு.
வெட்டியது என்றால் வெட்டியவனுக்கு.
வெட்டியவன்
லண்டனில் ஒரு தெருப்பெயர்.
தேவாலாவின் கொம்பை எடுத்துக் கொக்கி மாட்டினால் திவாலா.
ஆபீசில் எல்லோரும் சொல்லும் ஜோக்,
நானும் சிரித்திருக்கிறேன்.

மலையின் இடுப்பைச் சுற்றி
அரைஞாண்போல் கிடந்தது வாய்க்கால்.
ஒரு முழம் அகலம். ஓரத்தில் சேம்பு.
பாறை குறுக்கிட்ட இடத்தில் பாறையைச் செதுக்கியிருந்தார்கள்,
உளித்தடம் இன்னும்
ஈறில் பல்பட்டதுபோல்.

சுக்ரன் வழிகாட்ட வந்தவர், அதிகம் பேசாதவர்.
கீழே ஆற்று மணலை மரவையில் அலைத்து
நாளெல்லாம் குனிந்தால் பாதிக் குன்றிமணி,
தன் ஆட்கள் எடுத்தது அவ்வளவுதான் என்றார்.
அந்தப் பாதியைப் பார்த்துத்தான்
கப்பல் ஏறி வந்தது மீதி எல்லாம்:
கோழிக்கோட்டில் இறங்கிய இரும்பு உலக்கைகள்,
நாடுகாணி ஏற்றத்தில் நுரைதள்ளி விழுந்த மாடுகள்,
குடுவை குடுவையாய்ப் பாதரசம்,
ஒரு பில்லியர்ட்ஸ் மேசை.
உலக்கை குத்தச் சக்கரம் சுற்றவேண்டும்,
சக்கரம் சுற்றத் தண்ணீர் வரவேண்டும்.
சமவெளியிலிருந்து ஆள் பிடித்து வெட்டினார்கள்.
காய்ச்சலில் போனவர்களைப் பக்கத்திலேயே புதைத்தார்களாம்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
சுக்ரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு
நீளமாகக் கையைக் காட்டினார்
வாய்க்கால் போகும் வழியெல்லாம்.

சில மாதம் குத்திற்று உலக்கை.
வெள்ளைக்கல் வெள்ளை மாவாயிற்று.
பொன் இருந்தது பங்குப் பத்திரத்தில்தான்,
அதுவும் முதலில் விற்றவனுக்கு.

கருவியை நிறுத்தி மட்டம் எடுத்தேன்.
முந்நூறு அடிக்கு ஓரடி இறக்கம்.
அடுத்த வளைவிலும் முந்நூறுக்கு ஒன்று.
யானை மிதித்த இடம் தவிர
இரண்டு மைலுக்கும் அதே கணக்கு.
டெல்பின், கோலை நேராப் பிடி என்று கத்தினேன்.
நேராத்தான் சார் இருக்கு.

நான் முதுகுளத்தூர்க்காரன்.
எங்கள் கால்வாய்க்கு அமைச்சர் பெயர் உண்டு,
கல்வெட்டு உண்டு, கரையில் கருவேலம் உண்டு.
அந்த மொத்தப் பித்தலாட்டத்தில்
பொய் சொல்லத் தெரியாத ஒருவன்
இங்கே என்னைப்போல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
நின்றிருக்கிறான்.
அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்களா?

வாய்க்கால் முடிகிற இடத்தில் சக்கரம் இல்லை.
சைக்கிள் டியூபால் கட்டிய பதினோரு கறுப்புக் குழாய்கள்
தேயிலைச் செடிக்குள் இறங்கிப் போகின்றன.
மருதாயி மண்வெட்டியோடு நின்றிருந்தார்.
கண்டியில் பிறந்தவர், கப்பலில் திரும்பியவர்,
இரண்டு தேசத்திலும் கொழுந்து கிள்ளியவர்.
“மாசத்துக்கு ரெண்டு நாள் நாங்கதான் தூர் வாருறோம்.
அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?”

எட்டாவது கலம் குறிப்புரை. இரண்டு வரிதான் இடம்.
பொடியாக எழுதினால் நாலு வரி கொள்ளும்.
பொடியாக எழுதினேன்.
தாசில்தாருக்குக் கண்ணாடி புதுசு.

கூடலூர் பஸ்சில் செருப்பைக் கழற்றினேன்.
பெருவிரல் நகத்தில் சேறு காய்ந்து
ஏதோ மின்னிற்று.
காக்காப்பொன். தெரியும்.
இருந்தும் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கிறாரா என்று
ஒருமுறை திரும்பிக்கொண்டேன்.